சுற்றுலா மேலாண்மை படிக்கப் போகிறீர்களா? சேர்வதற்கு முன்பிருந்து முதல் வேலை வரை

கல்லூரியில் நான் போட்ட முதல் பயணத் திட்டத்தில், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பகல் ஒன்றரை மணிக்குப் போவதாக எழுதியிருந்தேன். தாளை வாங்கிப் பார்த்த ஆசிரியர் சிரிக்கக்கூட இல்லை. "நடை சாத்தின கோயில்ல யாருப்பா உனக்குக் கதவைத் திறக்கப் போறா?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து போய் வந்த கோயில்தான். ஆனால் போகிறவனாகத்தான் தெரியும். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த மூன்றரை மணி நேரம் அவர்களை எங்கே உட்கார வைப்பது, எங்கே சாப்பிட வைப்பது என்று யோசிக்க வேண்டியவனாகத் தெரியாது.

இந்தப் படிப்பு கற்றுத்தருவது அடிப்படையில் அதைத்தான்: ஒரு பயணத்தை, போகிறவரின் பக்கத்திலிருந்து இல்லாமல், நடத்தி முடிக்க வேண்டியவரின் பக்கத்திலிருந்து பார்ப்பது. "எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும், அதனால் டூரிசம் எடுக்கிறேன்" என்று சொல்லும் தம்பி தங்கைகளிடம் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். மற்றவர்கள் ஊர் சுற்றும்போது நீங்கள் வேலை பார்க்கப் பிடிக்குமா? மே மாதமும் தீபாவளி விடுமுறையும் இனி உங்களுக்கு சீசன், விடுமுறை இல்லை. அது சரி என்று பட்டால் மேலே படியுங்கள்.

எந்தப் படிப்பு என்பதில் குழப்பம் வேண்டாம்

வீட்டில் சுற்றுலாப் படிப்பு என்றதும் "கேட்டரிங்கா?" என்பார்கள். இரண்டும் வேறு. ஹோட்டல் மேனேஜ்மெண்ட் என்பது சமையலறை, உணவு பரிமாறல், வரவேற்பு மேசை, அறைப் பராமரிப்பு ஆகியவற்றைச் சுற்றி வருவது. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கும் நிறுவனங்கள் இந்த வகை. இவற்றின் பட்டப்படிப்புக்கு என்சிஎச்எம் ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு இருக்கிறது. சுற்றுலா மேலாண்மையில் ஹோட்டல் என்பது நீங்கள் வாங்கி விற்கும் பல பொருட்களில் ஒன்று. விமான டிக்கெட், வண்டி, வழிகாட்டி, விசா, காப்பீடு, இதையெல்லாம் ஒரு கயிற்றில் கோப்பதுதான் உங்கள் வேலை.

இளநிலையில் பிஏ, பிபிஏ, பிகாம் என்று பல பெயர்களில் இந்தப் பாடம் வரும். பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பிஏ என்று இருந்தால் பெரும்பாலும் வரலாறும் பண்பாடும் தூக்கலாக இருக்கும். பிபிஏ என்றால் கணக்கும் மார்க்கெட்டிங்கும். உள்நாட்டுப் பண்பாட்டுச் சுற்றுலாவில் போக நினைப்பவருக்கு முதலாவது, டிராவல் நிறுவனம் நடத்த நினைப்பவருக்கு இரண்டாவது. என்னைக் கேட்டால் இளநிலையில் வேறு ஏதாவது, வரலாறோ வணிகவியலோ மொழியோ படித்துவிட்டு, முதுநிலையில் சுற்றுலா எடுப்பதும் நல்ல வழிதான். இரண்டு காலில் நிற்கலாம். ஏன் இரண்டு கால் வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே படிப்பது

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஐஐடிடிஎம் என்ற சுற்றுலா, பயண மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1983இல் தொடங்கியது, தலைமை வளாகம் குவாலியரில். புவனேஸ்வர், நொய்டா, நெல்லூர் ஆகிய இடங்களிலும் வளாகங்கள் உண்டு. கோவாவில் இருப்பது நீர் விளையாட்டுகளுக்கானது. சென்னைப் பிள்ளைகளுக்கு நெல்லூர் பக்கம். ரயிலேறினால் சில மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவில் எம்பிஏ இருக்கிறது. அதற்கு சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனமான கிட்ஸ் 1988 முதல் நடக்கிறது. கேரளம் சுற்றுலாவை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே அங்கே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை முதுநிலைப் பட்டம் இருக்கிறது.

இவை தவிர, தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகள் சிலவற்றிலும் இந்தப் பாடம் உண்டு. நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

- பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பட்டியலில் அது இருக்கிறதா? தொலைநிலைப் படிப்பு என்றால் அதற்குத் தனி அனுமதி உண்டு; அதையும் பாருங்கள்.
- டிக்கெட் போடும் மென்பொருள் ஆய்வகத்தில் இருக்கிறதா, புத்தகப் படத்தில் மட்டும் இருக்கிறதா?
- போன வருடம் பயிற்சிக்குப் போனவர்கள் எந்தெந்த நிறுவனத்துக்குப் போனார்கள்? எத்தனை வாரம்?
- கல்விச் சுற்றுலாவுக்கும் சீருடைக்கும் கட்டணத்துக்கு மேல் எவ்வளவு ஆகும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுத்தால், அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். ஏசி வகுப்பறை இருந்தாலும் சரி. இன்னொரு விஷயம்: அலுவலகத்தில் இருப்பவர் சொல்வதைவிட, கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆண்டுப் பையன் சொல்வது பல மடங்கு நம்பத்தக்கது.

முதல் ஆண்டு: கோட்பாட்டை உங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள்

முதல் ஆண்டில் எல்லோரும் தூங்குவது கோட்பாட்டு வகுப்பில். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லாஃபரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் ஆட்களைக் கூட்டிப் போனார், அதிலிருந்து தொகுப்புச் சுற்றுலா தொடங்கியது என்று ஆரம்பிப்பார்கள். அவர் கூட்டிப்போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு என்பதுதான் அதில் சுவாரசியம். நம் பக்கம் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனிடம் எந்த வழியில் போவது, வழியில் எந்த நிலத்து மக்கள் என்ன சாப்பாடு போடுவார்கள், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வது. நல்ல பயணத் திட்டத்தில் இருக்க வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. செலவுக் கணக்கு மட்டும் கிடையாது; அதை வள்ளல் பார்த்துக்கொள்வார்.

கோட்பாடுகளை மனப்பாடம் செய்தால் தேர்வோடு போய்விடும். பட்லர் என்ற ஆய்வாளர் 1980இல் சொன்ன சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தை முதலில் சிலர் கண்டுபிடிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் கடை போடுவார்கள், வெளி முதலீடு வரும், வளர்ச்சி நிலைப்படும், அப்புறம் தேங்கும். அதற்குப் பிறகு ஒன்று சரியும் அல்லது புத்துயிர் பெறும். இதை ஊட்டியில் வைத்துப் பாருங்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ரயில் வந்தது. 2005இல் அந்த மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம். அடுத்த ஆண்டு சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வந்தது. நூற்றாண்டுகளுக்கு நீளும் ஒரு வரைபடம் உங்கள் கண்முன் கிடக்கிறது. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சொல்லும் 'தாங்குதிறன்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

டாக்ஸி (Doxey) என்ற ஆய்வாளர் 1975இல் சொன்னது இன்னும் எளிது. சுற்றுலாப் பயணிகளைப் பார்த்து உள்ளூர் மக்கள் முதலில் மகிழ்வார்கள், அப்புறம் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. மே மாத ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் மருத்துவமனைக்குப் போக வண்டியில் காத்திருக்கும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள், எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அவரே சொல்லிவிடுவார்.

இரண்டாம் ஆண்டு: கணக்கில்தான் எல்லாம்

இந்தத் தொழிலில் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு. அழகாகப் பேசுபவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஒரு பயணத்துக்குத் தலைக்கு எவ்வளவு என்று அரை மணி நேரத்தில் தப்பில்லாமல் சொல்பவர் கிடைப்பது அபூர்வம்.

முதலில் அறை வாடகையின் குறியீடுகளைப் பழகுங்கள். ஈபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் காலை உணவோடு. மேப் என்றால் காலை உணவும் இன்னொரு வேளையும். ஏபி என்றால் மூன்று வேளையும். வாடிக்கையாளரிடம் சிபி விலையைச் சொல்லிவிட்டு அவர் இரவுச் சாப்பாடும் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டால், அந்தச் சண்டை ஹோட்டல் வரவேற்பறையில் இரவு ஒன்பது மணிக்கு நடக்கும். உங்களுக்குத்தான் போன் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர், மூன்று இரவு நான்கு பகல். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் போய்த் திரும்புவது. விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

டெம்போ டிராவலர் நாளுக்கு 7,000 என்றால் நான்கு நாளுக்கு 28,000. டிரைவர் பேட்டா 2,000. டோல், பார்க்கிங் 3,000. ஆக வண்டிக்கு 33,000, தலைக்கு 3,300. இருவருக்கு ஓர் அறை, சிபி, இரவுக்கு 3,000. ஐந்து அறை, மூன்று இரவு: 45,000, தலைக்கு 4,500. இரண்டு இடத்தில் வழிகாட்டி, மொத்தம் 3,000, தலைக்கு 300. மாமல்லபுரம் நுழைவுச்சீட்டு 40. கூட்டினால் தலைக்கு 8,140. உங்கள் லாபம் பதினைந்து சதவீதம், 1,221. ஆக 9,361. அதற்கு மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி. 9,829 என்று விலை சொல்கிறீர்கள்.

இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். இனிமேல்தான் விஷயம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இரண்டு பேர் வரவில்லை என்கிறார்கள். அறையைக் குறைத்துவிடலாம். வண்டியை வெட்டிக் குறைக்க முடியுமா? 33,000 இப்போது எட்டுப் பேர் தலையில்: 4,125. வழிகாட்டிக்கு 375. உங்கள் அடக்கவிலை 9,040 ஆகிவிட்டது. பத்துப் பேருக்கு 12,210 ரூபாய் வந்திருக்க வேண்டிய லாபம், எட்டுப் பேருக்கு 2,568 ரூபாய். இன்னும் இருவர் கழன்றால் அடக்கவிலை 10,540. ஆறு பேரோடு போய்வந்து, கையிலிருந்து 7,074 ரூபாய் போட்டிருப்பீர்கள். அதனால்தான் விலைச்சீட்டில் "குறைந்தது பத்துப் பேர் இருந்தால்" என்று எழுதுகிறோம். ரத்துக் கட்டணம் வைக்கிறோம். ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தனித்தனி விலை கொடுக்கிறோம். நான் இதைக் கற்றது வகுப்பில் இல்லை, சொந்தப் பணத்தில். நீங்கள் தாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு முடிந்ததும் நேரத்தைச் சோதியுங்கள். சிதம்பரத்திலிருந்து காலையில் தாமதமாகக் கிளம்பினால் கங்கைகொண்ட சோழபுரத்தில் மதிய நடை சாத்தும் நேரத்தில் போய் நிற்பீர்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஆகவே கோயிலைக் காலையிலும் மாலையிலும் வைத்து, பயணத்தையும் சாப்பாட்டையும் நடுப்பகலில் தள்ளுவதுதான் தமிழ்நாட்டுத் திட்டத்தின் எலும்புக்கூடு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது. இருபது பேரின் போனைக் கொடுத்து வாங்கவே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இப்படி ஊருக்கு ஊர் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டு இப்போது மூன்றாவது.

டிக்கெட் ஆய்வகமும் நம் இனிஷியலும்

டிக்கெட் போடும் மென்பொருட்களான அமேடியஸ், கலிலியோ, சேபர் மூன்றில் ஏதாவது ஒன்றில் கை பழகிவிட்டால் மற்றது வந்துவிடும். விமான நிலையக் குறியீடுகளைப் பாட்டு மாதிரி சொல்லத் தெரிய வேண்டும்: சென்னை எம்ஏஏ, திருச்சி டிஆர்இசட், மதுரை ஐஎக்ஸ்எம், கோவை சிஜேபி. சென்னைக்கு எம்ஏஏ வந்தது மெட்ராஸிலிருந்து. ஊர் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை.

தமிழ்நாட்டில் டிக்கெட் போடுபவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், இன்னொருவர் அப்பா பெயரை அங்கே போட்டிருப்பார், மூன்றாமவர் இனிஷியலை விரித்து முன்னால் எழுதியிருப்பார். மென்பொருளோ குடும்பப்பெயரை முதலில் கேட்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்த எங்களுக்கெல்லாம் இரண்டு நாள் தூக்கமில்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவானது. வாட்ஸ்அப்பில் ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பும் பெயரை வைத்து ஒருபோதும் டிக்கெட் போடாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இரண்டின் படமும் வந்த பிறகுதான்.

பயிற்சிக்காலம்

நான் பயிற்சிக்குப் போன நிறுவனத்தில் முதல் மாதம் முழுக்க விசா விண்ணப்பத்துக்குப் போட்டோ அளவு பார்ப்பதே வேலை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 51க்கு 51. ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சொல்லி அழுதிருக்கிறேன். இரண்டாவது மாதம் பக்கத்து மேசை அக்கா விடுப்பில் போக, "தம்பி, இந்த ஃபைலைப் பாரு" என்று ஒரு ஷெங்கன் விண்ணப்பம் கைக்கு வந்தது. 30,000 யூரோ காப்பீடு இருக்கிறதா, விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதத்துக்குள், பதினைந்து நாளுக்கு முன் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்ததற்குக் காரணம், போட்டோ ஒட்டியபோது மற்ற தாள்களையும் படித்ததுதான்.

அதற்காகச் சும்மா உட்கார வைப்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஒரே வேலை என்றால், மேலாளரிடம் போய் "சார், ஆபரேஷன்ஸ் பக்கம் ஒரு வாரம் உட்காரட்டுமா" என்று கேளுங்கள்; பயணங்களை நடத்திக் கொடுக்கும் பிரிவு அது. இடம் தேர்வு செய்ய முடிந்தால், பெரிய பெயருள்ள நிறுவனத்தைவிட, பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சின்ன இன்பவுண்ட் நிறுவனம், அதாவது வெளிநாட்டுப் பயணிகளை இங்கே கூட்டி வருவது, மேல். அங்கே காலையில் விமான நிலையத்துக்கும் மாலையில் கணக்குக்கும் உங்களைத்தான் அனுப்புவார்கள், வேறு ஆள் இருக்க மாட்டார்.

மொழி

ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் ஒன்று உங்களுக்கு வேண்டும். புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு வட்டத்துக்குப் பிரெஞ்சுப் பயணிகள் தொடர்ந்து வருகிறார்கள். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மனுக்கு கோத்தே நிறுவனமும் இருக்கின்றன. முதல் ஆண்டிலேயே தொடங்கினால் பட்டம் வாங்கும்போது பேசுகிற அளவுக்கு வந்துவிடும். கடைசி ஆண்டில் தொடங்கினால் வணக்கம் சொல்வதோடு நிற்கும். இந்தியை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள், ஏன் சேர்க்க வேண்டும் என்று தெரியும். வேலூரில் மருத்துவமனைத் தெருக் கடைகளில் வங்காள எழுத்தில் பலகை தொங்குகிறது. மருத்துவத்துக்காக வரும் குடும்பமும் தங்குகிறது, சாப்பிடுகிறது, திரும்பும் முன் ஒரு கோயிலாவது பார்க்கிறது. அதுவும் சுற்றுலாதான்.

ஒன்று நினைவிருக்கட்டும். பட்டம் வாங்கினால் வழிகாட்டி ஆகிவிட முடியாது, அதற்கு உரிமம் தனி.

வேலை, அப்புறம் அந்த இரண்டாவது கால்

முதல் வேலை பெரும்பாலும் ஆபரேஷன்ஸ் அல்லது டிக்கெட் மேசை. ஆரம்பச் சம்பளம் குறைவு, மறைப்பதற்கில்லை. நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் கோப்பைவிட, நீங்களே போட்ட மூன்று பயணத் திட்டங்களைக் கணக்கோடு எடுத்துப் போங்கள். ஒன்று உங்கள் சொந்த மாவட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். என்னிடம் நேர்காணலுக்கு வருபவர்களில் அதைக் கொண்டுவருபவரிடம்தான் நான் முதலில் பேசுவேன்.

இப்போது முதலில் விட்ட விஷயம். 2019இல் இந்தியாவுக்கு 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2020இல் 27 லட்சம். 2021இல் 15 லட்சம். என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு வருடம் சம்பளமே இல்லை. ஒருவன் மளிகை டெலிவரிக்குப் போனான். கணக்கு தெரிந்திருந்த ஒருத்தி மட்டும் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து தப்பித்தாள். 2023இல் எண்ணிக்கை 95 லட்சத்துக்கு ஏறிவிட்டது, அவளும் திரும்பி வந்துவிட்டாள், ஜிஎஸ்டி தாக்கல் செய்யத் தெரிந்தவளாக, முன்பைவிட நல்ல சம்பளத்துக்கு. எனவே படிக்கும்போதே டேலி என்ற கணக்கு மென்பொருளோ, ஒரு மொழியோ, கையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலை கேட்பவர்களுக்கு: டிஎன்பிஎஸ்சி மூலம் உதவி சுற்றுலா அலுவலர் பணிக்கு எப்போதாவது அறிவிப்பு வரும். இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கற்பிக்கப் போக விரும்பினால் முதுநிலைக்குப் பிறகு யுஜிசி நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு எழுதலாம். சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும் என்ற தனிப் பாடமே இருக்கிறது, குறியீட்டு எண் 93. அதற்குப் போகிறவர்களும் தயவுசெய்து இரண்டு சீசனாவது வெளியில் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். பகல் ஒன்றரைக்குக் கோயிலுக்குப் போவதாக எழுதி வரும் பையனிடம் என்ன கேட்பது என்று அப்போதுதான் தெரியும்.